மேயர் சத்தியமூர்த்தி பெயரில் ஒரு நாள் வேன் பயணம்: கொடுத்த காசுக்குத் தேறுமா?

தேறும். ஆனால் முழு மார்க் கிடையாது. 1939இல் சென்னை மேயராக இருந்து பூண்டி ஏரிக்கு வழி செய்த காங்கிரஸ்காரர் சத்தியமூர்த்தியின் கதையைச் சொல்கிற பயணம் இது. ஆளுக்கு 1,800 ரூபாய், அதில் மதியச் சாப்பாடும் சேர்த்தி. காலையில் எழும்பூரில் ஏற்றிக்கொண்டு, பழைய சட்டக்கல்லூரி, ரிப்பன் மாளிகை, கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் என்று ஊருக்குள் ஒரு சுற்று. அப்புறம் நேராகப் பூண்டி ஏரி. இருட்டுவதற்குள் திரும்ப எழும்பூர். நடத்துகிறவர்கள் இரண்டே பேர். ஒருவர் பேசுகிறார், இன்னொருவர் வண்டி ஓட்டுகிறார். நாலு குறை சொல்லப்போவதால் அவர்கள் பெயரை இங்கே போடவில்லை. பிழைக்க வந்த சின்னப் பிள்ளைகள்.

நான் எதற்குப் போனேன் என்று கேட்பீர்கள். ஐகோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் சீனியர் நடுவில் ஒரு தடவை வார்டு கவுன்சிலருக்கு நின்று ஜெயித்தார். அதற்குப் பிறகு எங்கள் சேம்பரில் நடந்த கூத்தைக் கிட்ட இருந்து பார்த்தவன். காலையில் கேஸ் கட்டோடு வருகிறவர்களைவிட, சாக்கடை அடைப்பு, தெருவிளக்கு, வாரிசு சான்றிதழ் என்று வருகிறவர்கள் அதிகம். வாய்தா நாளை மறந்தாலும் மறப்பார், குழாய் சண்டைக்குப் பஞ்சாயத்து பண்ணப் போவதை மறக்கமாட்டார். அதனால் 'வக்கீல் மேயரான கதை' என்று விளம்பரத்தில் பார்த்ததும், இது நம்ம சப்ஜெக்ட் ஆச்சே என்று பணத்தைக் கட்டிவிட்டேன்.

முதல் குறையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயணம் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை சட்டக்கல்லூரிக்கும் ரிப்பன் மாளிகைக்கும் போனால் எதைப் பார்ப்பது? கேட்டுக்கு வெளியே நின்று கட்டடத்தை அண்ணாந்து பார்க்க வேண்டியதுதான். ஐகோர்ட் பக்கத்தில் அந்தச் சிவப்பு நிறப் பழைய சட்டக்கல்லூரிக் கட்டடத்தை வாழ்நாள் முழுக்கப் பார்த்தவனிடம், "சார், இங்கேதான் படிச்சார்" என்று சாலைக்கு எதிர்ப்புறத்தில் இருந்து கைகாட்டினால் எனக்கென்ன புதுசு? ரிப்பன் மாளிகையும் அப்படித்தான். 1913இல் திறந்த வெள்ளைக் கட்டடம், உள்ளே மன்றக்கூடம் இருக்கிறது, சத்தியமூர்த்தி மேயராக உட்கார்ந்த இடம் என்கிறார்கள். நாங்கள் பார்த்தது கடிகாரக் கோபுரத்தை. முன்கூட்டி எழுதிக் கேட்டு ஒரு வேலை நாளில் அழைத்துப் போனால் ஆட்களும் கூடுவார்கள்.

பேசுகிற தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். குரல் நல்ல குரல், விஷயமும் தெரிந்திருக்கிறது. வேன் கிளம்பியதும் ஆரம்பித்துவிட்டார். 1887 ஆகஸ்ட் 19, திருமயத்தில் பிறப்பு. புதுக்கோட்டை மகாராஜா கல்லூரி, சென்னை கிறிஸ்தவக் கல்லூரி, சட்டக்கல்லூரி. எஸ். சீனிவாச ஐயங்காரிடம் ஜூனியர். சீனிவாச ஐயங்கார் யார் தெரியுமா? அட்வகேட் ஜெனரலாக இருந்து அதை உதறிவிட்டுக் காங்கிரஸுக்கு வந்தவர், 1926இல் குவாஹாட்டி மாநாட்டுக்குத் தலைவர். அப்படிப்பட்ட சேம்பரில் போய் உட்கார்ந்தால் வக்கீல் தொழில் கற்றுக்கொள்வதா, அரசியல் கற்றுக்கொள்வதா? சத்தியமூர்த்திக்கு இரண்டாவதுதான் ஒட்டியது. தொழிலில் பெரிய காசு பார்த்தவர் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

ஆனால் வக்கீலின் கருவி அவர் கையை விட்டுப் போகவேயில்லை. இதைத் தம்பி நன்றாகவே எடுத்துச் சொன்னார். 1920இல் காந்தி ஒத்துழையாமையைத் தொடங்கி, கோர்ட்டை விடுங்கள், சட்டசபையை விடுங்கள் என்றபோது ராஜாஜி வக்கீல் தொழிலை விட்டார். சத்தியமூர்த்தியின் வாதம் வேறு. சபையைப் புறக்கணித்தால் எதிராளி பேசுவது மட்டும்தான் பதிவாகும், உள்ளே போய்ப் பேசு என்பது அவர் நிலை. சி.ஆர். தாஸும் மோதிலால் நேருவும் சுயராஜ்யக் கட்சி கண்டபோது, இங்கே தெற்கில் அதன் பெரிய குரல் இவர்தான். 1923இல் சென்னை மாகாண சட்டசபைக்குள் போனார். 1935 முதல் டில்லி மத்திய சட்டசபை. அங்கே கேள்வி நேரம் வந்தால் அரசாங்கத் தரப்புக்கு வயிற்றைக் கலக்கும். ஒரு கேள்வி, அதற்குத் துணைக் கேள்வி, அதற்கொரு துணைக் கேள்வி. கோர்ட்டில் இதைத்தான் குறுக்கு விசாரணை என்கிறோம். பதில் தெரியாமல் கேள்வி கேட்காதே என்று எங்கள் சீனியர் ஜூனியர்களைத் திட்டுவார். டில்லியில் இவரும் அப்படித்தான் கேட்டிருக்க வேண்டும்.

கீழ்ப்பாக்கத்துக்கு வருவோம். இங்கேயும் வெளியில் இருந்துதான். இருந்தாலும் அன்று முழுக்கக் கேட்டதில் தம்பியின் பேச்சு சிறப்பாக இருந்தது இந்த இடத்தில்தான். சென்னைக்குத் தண்ணீர் எப்படி வந்தது என்பதை மளிகைக் கணக்குச் சொல்வதுபோல் வரிசையாகச் சொன்னார். முதலில் கிணறு. பிறகு 1870களில் கொசஸ்தலை ஆற்றில் தாமரைப்பாக்கத்தில் ஓர் அணைக்கட்டைப் போட்டு, ஆற்று நீரைச் சோழவரத்துக்குத் திருப்பி, அங்கிருந்து செங்குன்றம் ஏரிக்குக் கொண்டுவந்தார்கள். செங்குன்றத்தில் இருந்து ஊருக்கு. 1914இல் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டியும் நீரேற்று நிலையமும் வந்தன. ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். ஆனால் தாமரைப்பாக்கத்தில் அணைக்கட்டு ஆற்றைத் திருப்பத்தான் செய்யும், தேக்காது. மழைக்காலத்தில் நாலு நாள் வெள்ளம் வந்தால் வாய்க்கால் கொள்கிற அளவு போக, மிச்சம் எல்லாம் அணைக்கட்டைத் தாண்டி எண்ணூர் பக்கம் கடலுக்கு. மாசி பங்குனியில் ஊர் தவிக்கும். 1941 மக்கள்தொகைக் கணக்கில் சென்னை எட்டு லட்சத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஆற்றுக்கு மேல்பக்கம் வெள்ளத்தைப் பிடித்து வைக்க ஒரு தொட்டி வேண்டும். அந்தத் தொட்டிதான் பூண்டி.

இதில் ஒரு விஷயத்தைத் தம்பி சரியாக அழுத்தவில்லை. 1939இல் சத்தியமூர்த்தி மேயரானார். அந்தக் காலத்தில் மேயர் பதவி ஓராண்டு. நகராட்சிச் சட்டப்படி நிர்வாக அதிகாரம் கமிஷனர் கையில். மேயர் மன்றத்துக்குத் தலைமை தாங்கலாம், பேசலாம், எழுதலாம், ஆட்களைப் பார்க்கலாம். அவ்வளவுதான். அந்த வருடம் பாருங்கள்: ஐரோப்பாவில் உலகப் போர் தொடங்கிவிட்டது. மாகாணத்தில் ராஜாஜி மந்திரிசபை ராஜினாமா செய்துவிட்டது, கவர்னர் ஆட்சி. மேயரோ வெள்ளைக்காரனைத் தினமும் மேடையில் வறுத்தெடுக்கிற காங்கிரஸ்காரர். போர்க் காலத்தில் அணை கட்டப் பணமும் இரும்பும் கேட்டு அதே வெள்ளைக்காரன் வாசலில் போய் நிற்க வேண்டும். கேட்டு வாங்கினார். 1940இல் பூண்டிக்கு அடிக்கல் நாட்டியாயிற்று.

எங்கள் தொழிலில் டிகிரி, அதாவது கோர்ட் தீர்ப்பாணை, வாங்குவது ஒன்று, அதை நிறைவேற்ற இ.பி. என்கிற நிறைவேற்று மனு போட்டு அலைவது இன்னொன்று. டிகிரி வாங்கிக் கொடுத்த வக்கீல் சந்தனமாலை போட்டுக்கொண்டு போய்விடுவார். இ.பி.யில் கோர்ட் ஊழியரான அமீனாவோடு அலைவது குமாஸ்தா. இந்த மனிதரும் ஒரே வருடத்தில் டிகிரி வாங்கினார், நிறைவேறியதைப் பார்க்க அவர் இல்லை. 1942 வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் பிடித்து, அமராவதி சிறைக்கு அனுப்பினார்கள். வழியில் முதுகெலும்பில் அடிபட்டது. 1943 மார்ச் 28இல் சென்னை பொது மருத்துவமனையில் இறந்துபோனார். பூண்டி வேலை முடிந்தது 1944இல். தன் பதவிக்காலத்துக்குள் ரிப்பன் வெட்ட முடியாத வேலையை எடுத்துச் செய்கிற கவுன்சிலரை நான் பார்த்ததில்லை. எங்கள் சீனியர் உட்பட. அவர் எடுத்த வேலைகள் எல்லாம் அடுத்த தேர்தலுக்குள் கல்வெட்டு வைக்கக்கூடியவை: பயணிகள் நிழற்குடை, இரண்டு போர்வெல், ஒரு நடைபாதை. தப்பில்லை, அதுவும் வேண்டும்தான்.

வேன் பூந்தமல்லி தாண்டியதும் ஏசி படுத்துவிட்டது. ஜன்னலைத் திறந்துகொண்டு போனோம். ஜனவரி மாதம் என்பதால் தப்பித்தோம். பின்சீட்டில் இருந்த அம்மா ஒருவர் பாதிப் பணத்தைத் திருப்பித் தா என்றார். தம்பி வடை வாங்கிக் கொடுத்துச் சமாளித்தார். மதியச் சாப்பாடு திருவள்ளூரில் என்று எழுதியிருந்தது. திருவள்ளூரில்தான், ஆனால் இரண்டரை மணிக்கு. சர்க்கரை வியாதி இருக்கிறவர்கள் கவனிக்கவும். சாம்பார் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் பொட்டலமாக வந்தன. ருசி பரவாயில்லை.

அந்த நேரத்தை நிரப்பத் தம்பி சத்தியமூர்த்தியின் கலை ஆர்வத்தை எடுத்தார். சுகுண விலாச சபாவில் நாடகம் நடித்தது, கே.பி. சுந்தராம்பாளைத் தேர்தல் மேடைக்குப் பாடக் கூட்டி வந்தது, 1939இல் தென்னிந்தியத் திரைப்பட வர்த்தக சபைக்குத் தலைவரானது. காங்கிரஸில் பெரிய தலைகள் சினிமாவைக் கண்டால் மூக்கைப் பிடித்த காலத்தில், கூட்டம் எங்கே இருக்கிறதோ அங்கே கட்சி போக வேண்டும் என்று நினைத்தவர். இதெல்லாம் கேட்க ருசியாக இருந்தது.

நான் ஒன்று கேட்டேன். "தம்பி, தேவதாசி மசோதா?" டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டசபையில் கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க 1920களின் கடைசியில் பாடுபட்டபோது, எதிர்வரிசையில் நின்று வாதாடியவர் இதே சத்தியமூர்த்தி. கலை அழிந்துவிடும், மரபு போய்விடும் என்பது அவர் வாதம். வெள்ளைக்காரனிடம் விடுதலை கேட்கிற வாய், அந்தப் பெண்களின் விடுதலைக்குத் தடை சொன்னது. கடைசியில் அந்தச் சட்டம் வர 1947 ஆயிற்று. தம்பி கொஞ்சம் தயங்கிவிட்டு, "அது வேற சார், இன்னிக்கு மேயர் மட்டும்தான்" என்றார். அது வேறில்லை. சுந்தராம்பாளைப் பற்றிப் பத்து நிமிடம் பேச நேரம் இருக்கிறதென்றால், முத்துலட்சுமி ரெட்டிக்கு இரண்டு நிமிடம் ஒதுக்கலாம். நல்ல வக்கீல் என்றால் எந்தத் தரப்புக்கும் வாதாடுவான் என்பது எங்கள் தொழிலில் பெருமை. அரசியலில் அது பெருமையில்லை. மனிதருக்கு மாலையும் போடுங்கள், கணக்கையும் படியுங்கள். இரண்டாவது குறை இதுதான், ஏசியைவிடப் பெரிய குறை.

மற்றபடி கட்சிக்குள் அவர் பட்ட பாட்டைத் தம்பி விடவில்லை. 1937 தேர்தலில் பல்கலைக்கழகத் தொகுதியை ராஜாஜிக்கு விட்டுக்கொடுத்தார். காங்கிரஸ் அமோகமாக ஜெயித்தது. மந்திரிசபைப் பட்டியலில் இவர் பெயர் இல்லை. 1936இல் மாகாணக் காங்கிரஸுக்கு இவர் தலைவர், விருதுநகர்க்காரர் காமராஜ் செயலாளர். 1940இல் அப்படியே திரும்பியது: காமராஜ் தலைவர், இவர் செயலாளர். தான் வளர்த்த பையனுக்குக் கீழே செயலாளராக உட்காரத் தனி மனசு வேண்டும். இன்றைக்கும் ராயப்பேட்டை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் காங்கிரஸ் அலுவலகத்துக்குப் பெயர் சத்தியமூர்த்தி பவன். இந்த இடத்தில் வேனில் இருந்த எல்லோரும் அமைதியாகக் கேட்டார்கள், பணம் திருப்பிக் கேட்ட அம்மா உட்பட.

இப்படி வக்கீலாக இருந்து உள்ளூராட்சிக்கு வந்தவர்களைத் தனியாக ஒரு பட்டியல் போடலாம். ராஜாஜி 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவர். வல்லபபாய் பட்டேல் 1924 முதல் 1928 வரை அகமதாபாத் நகராட்சித் தலைவர். குழாயும் கக்கூஸும் பார்த்துவிட்டுத்தான் இரண்டு பேரும் டில்லிக்குப் போனார்கள். சத்தியமூர்த்தி தலைகீழ். டில்லி வரை பேசிவிட்டுக் கடைசியில் குழாய்க்கு வந்தார்.

பூண்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி நாலு. காசு கொடுத்தது வீணில்லை என்று தோன்றியது இங்கேதான். மழை முடிந்த தை மாதம், ஏரி தளும்பிக்கொண்டு நின்றது. 16 மதகுகள் வரிசையாக. 35 அடி ஏரி. கட்டியபோது 2,573 மில்லியன் கன அடி, பிறகு கொள்ளளவைக் கூட்டி இப்போது 3,231. 1983இல் எம்.ஜி.ஆரும் என்.டி.ஆரும் கையெழுத்துப் போட்ட தெலுங்கு கங்கை ஒப்பந்தப்படி, 1996இல் கிருஷ்ணா தண்ணீர் ஊத்துக்கோட்டை வழியாக வந்து விழுந்ததும் இதே ஏரியில்தான். இருந்த தொட்டியில்தானே ஊற்ற முடியும்! 2019 கோடையில் இதே ஏரி காய்ந்து கிடந்தது, ஜோலார்பேட்டையில் இருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. இரண்டு கதையையும் தம்பி கரையில் நின்று சொன்னார். மைக் இல்லாமல் பேசியது நல்லதாகப் போயிற்று.

ஏரிக்குச் சத்தியமூர்த்தி சாகர் என்று பெயர். எங்கள் வேனில் வந்த கல்லூரிப் பிள்ளைகளுக்கு அன்று வரை அது தெரியாது. செய்தியில் பூண்டி, புழல், சோழவரம், செம்பரம்பாக்கம் என்று தினமும் நீர்மட்டம் வாசிக்கிறார்கள், சாகர் என்ற வார்த்தை எங்கே காதில் விழுகிறது?

பயணத் திட்டத்தில் இல்லாத ஒன்றை நாங்களே கேட்டுப் பார்த்தோம். ஊன்றீஸ்வரர் கோயில். சுந்தரமூர்த்தி நாயனார் திருவொற்றியூரில் சங்கிலியாருக்குக் கொடுத்த சத்தியத்தை மீறிக் கண்ணிழந்து, தடுமாறிக்கொண்டு திருவெண்பாக்கம் வந்து கண் கேட்டபோது, சிவன் கண்ணுக்குப் பதில் ஊன்றுகோலைக் கொடுத்தார் என்பது தலபுராணம். கோபத்தில் நாயனார் கோலை விட்டெறிய, அது நந்தியின் கொம்பில் பட்டு உடைந்ததாம். நந்தியைக் கிட்டே போய்ப் பார்த்தேன். ஒரு கொம்பு ஒடிந்துதான் இருக்கிறது. பக்கத்தில் நின்ற பெண் அந்த இடத்தை விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

விஷயம் அதுவல்ல. இப்போது நாம் பார்க்கிற கோயில் பழைய இடத்தில் இல்லை. பூண்டி அணை வந்தபோது பழைய திருவெண்பாக்கம் ஏரிக்குள் போய்விட்டது. கோயிலைப் பெயர்த்து இங்கே கொண்டுவந்து கட்டினார்கள். தேவாரம் பெற்ற கோயில் என்பதால் சாமி வந்துவிட்டார். வீடும் நஞ்சையும் அப்படி வராது. நில எடுப்பு வழக்குகளின் கட்டுகளைத் தூக்கிச் சுமந்தவன் என்பதால், தண்ணீரைப் பார்த்தவுடன் எனக்கு முதலில் தோன்றியது இதுதான்: எத்தனை சர்வே நம்பர் இந்தத் தண்ணீருக்கு அடியில் இருக்கும்? இந்தக் கோயிலைப் பயணத் திட்டத்தில் கட்டாயம் சேர்க்க வேண்டும். நகரத்துக்கு ஒரு மேயர் தண்ணீர் கொடுத்தார் என்றால், அந்தத் தண்ணீருக்கு யார் ஊரைக் கொடுத்தார்கள் என்பதும் அதே கதைதானே.

தொல்லியல் துறையின் அருங்காட்சியகமும் பூண்டியில் இருக்கிறது. பக்கத்து அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கற்கோடாரிகள் பதினைந்து லட்சம் வருடம் பழையவை என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். எங்களுக்குக் கிடைத்தது இருபது நிமிடம். சத்தியமூர்த்தியோடு இதையும் ஒரே நாளில் திணிப்பதற்குப் பதில், இதைத் தனிப் பயணமாக வைத்துக்கொள்ளலாம். குடியம் குகையையும் சேர்த்தால் அதுவே ஒரு நாளுக்குக் காணும்.

சரி, யார் போகலாம்? பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளைக் கட்டாயம் அனுப்பலாம். குழாயைத் திறந்தால் தண்ணீர் தானாக வருகிறது என்று நினைக்கிற வயசு. சட்டக்கல்லூரிப் பிள்ளைகள் போனால் இன்னும் நல்லது. மூட்டு வலிக்காரர்களுக்கு ஏரிக்கரை ஏறுவது கொஞ்சம் சிரமம், வண்டி மேலே வரை போகாது. புதுசாகக் கவுன்சிலர் ஆனவர்களுக்கு நடத்துகிறவர்கள் தள்ளுபடி கொடுத்தால் நான் சிபாரிசு செய்வேன்.

திரும்பி வரும்போது தம்பியிடம் தனியாகச் சொன்னேன்: வேலை நாளில் வையுங்கள், முத்துலட்சுமி ரெட்டியைச் சேருங்கள், கோயிலைச் சேருங்கள், சாப்பாட்டை ஒரு மணிக்குப் போடுங்கள். நோட்டில் எழுதிக்கொண்டார். ஏசியைப் பற்றி நான் சொல்லவில்லை, அதை அந்த அம்மா வழி நெடுகச் சொல்லிக்கொண்டுதான் வந்தார். ஐந்துக்கு மூன்றரை போடுகிறேன். சொன்னதில் பாதியைச் செய்தாலே நாலு. முன்பதிவு செய்கிறவர்கள் கையில் பிஸ்கட்டும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துக்கொண்டு போங்கள், வேனில் தண்ணீர் கொடுக்கவில்லை.